விமானம் வாங்கலாம்... இறங்க இடம்? - எமிரேட்ஸை இறுக்கும் இரண்டு ஓடுபாதைகள்!

சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன், நியூயார்க் செல்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். 'வளைகுடா விமானங்கள் பலவும் ஏன் நம்மைத் தூங்கவிடாமல் நள்ளிரவிலும் அதிகாலையிலும் கிளம்புகின்றன?'

விடை துபாயில் இருக்கிறது. எமிரேட்ஸின் தொழிலே பயணிகளை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவதுதான். ஆசிய நகரங்களிலிருந்து வரும் விமானங்கள் அடுத்தடுத்து இறங்க வேண்டும். சில மணி நேரத்தில் ஐரோப்பா, அமெரிக்கா செல்பவை கிளம்ப வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓடுபாதை தேவை.

ஆனால், துபாய் சர்வதேச விமான நிலையத்தில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். அவையும் அருகருகே இருப்பவை. சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டதால், மூன்றாவதுக்கு இடமில்லை. 2024-ல் மட்டும் 9.23 கோடி பயணிகள் இங்கே வந்துபோனார்கள். 2019-ல் பராமரிப்புக்காக ஓர் ஓடுபாதையை 45 நாள்கள் மூடியபோது, எமிரேட்ஸ் தன் சேவைகளைக் குறைக்க வேண்டியிருந்தது.

பெரிய விமானமே தீர்வா?

தரையிறங்கவும் கிளம்பவும் ஒதுக்கப்படும் நேரத்தை 'ஸ்லாட்' என்கிறார்கள். ஸ்லாட் கூடாதபோது, ஒரே ஸ்லாட்டில் அதிகம் பேரை ஏற்றுவதுதான் வழி. போயிங் 777-ல் சுமார் 350 பேர் என்றால், இரண்டடுக்கு ஏர்பஸ் ஏ380-ன் ஒரு வகையில் 615 பேர் செல்லலாம். உலகில் விற்பனையான 251 ஏ380 விமானங்களில் 123-ஐ எமிரேட்ஸ் வாங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

போய்ச்சேரும் ஊரிலும் இதே நெருக்கடிதான். லண்டன் ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள், ஆண்டுக்கு 4.8 லட்சம் விமானங்கள்தான் வந்துபோகலாம். 2022 கோடையில் ஆள் பற்றாக்குறையால், தினமும் ஒரு லட்சம் பேர் மட்டுமே புறப்படலாம் என்றது ஹீத்ரோ. முதலில் முரண்டுபிடித்த எமிரேட்ஸ், பிறகு டிக்கெட் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சம்மதித்தது.

இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. கடைசி ஏ380, 2021-ல் எமிரேட்ஸிடம் வந்துசேர்ந்தது. உற்பத்தி நின்றுவிட்டது. 2020-ல் வர வேண்டிய போயிங் 777எக்ஸ் ஆண்டுக்கணக்கில் தாமதம்.

வீடு மாறும் விமான நிறுவனம்

எனவே, விமான நிலையத்தையே மாற்றுகிறது துபாய். அல் மக்தூம் விமான நிலையத்தை 12,800 கோடி திர்ஹாம் செலவில் விரிவாக்க 2024 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஐந்து ஓடுபாதைகள், முழுமையடையும்போது ஆண்டுக்கு 26 கோடி பயணிகளைக் கையாளலாம்.

2013-லேயே அங்கே பயணிகள் சேவை தொடங்கிவிட்டதே, பாதி விமானங்களை அனுப்பக் கூடாதா? கூடாது. ஒரு விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்காக நகரத்தின் இன்னொரு கோடிக்குச் சாலையில் ஓட யார் சம்மதிப்பார்கள்? கூட்டுக்குடும்பம் வீடு மாறுவதுபோல, எல்லோரும் சேர்ந்துதான் போயாக வேண்டும். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

அதுவரை சீஸன் நேரத்தில் கூடுதல் விமானங்களை விடுவது சுலபமில்லை. விடுமுறையில் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது. இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது.