க்ரூகர்: இரண்டு இரவுக்கு ஓர் ஆறு போதும்

காடு காணக் கிளம்புவோம் – 6

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் கிளம்புகிறவர், அன்று மதியமே யானை நடமாடும் காட்டுக்குள் இருக்கலாம். ஞாயிறு இரவு நகரத்துக்குத் திரும்பியும் விடலாம். சென்ற வாரம் பார்த்த மாசாய் மாராவுக்குப் பெரும்பாலோர் வழிகாட்டியோடு ஜீப்பில்தான் போகிறார்கள். தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே தார்ச்சாலை, பெட்ரோல் பங்க், மின்வேலி போட்ட தங்கும் முகாம்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு சாதாரண வாடகைக் கார் போதும். அந்த நாட்டுக் குடும்பங்கள் பலவும் அப்படித்தான் போய் வருகின்றன.

ஆனால் வார இறுதிக்கு மட்டும் போகிறவர்கள் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது அந்தக் காட்டின் அளவை. க்ரூகரின் பரப்பு 19,485 சதுர கிலோமீட்டர். தெற்கிலிருந்து வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் நீளம். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மண் சாலையில் 40. இதுவும் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம்தான். ஒட்டகச்சிவிங்கி சாலையைக் கடக்கும், யானைக் கூட்டம் வழிமறிக்கும், எதிரே வரும் கார் நின்றால் நாமும் நின்று பார்ப்போம். இதையெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 25 கிலோமீட்டர் என்பதே நடைமுறைக் கணக்கு.

இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்கிறது: கதவு நேரம். குளிர்கால மாதங்களான மே முதல் ஜூலை வரை நுழைவாயில்கள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5.30 முதல் மாலை 6.30 வரை. முகாம்களுக்கும் இப்படி நேரம் உண்டு. தாமதமாக வருகிறவர்கள் அபராதம் கட்ட நேரிடும். எனவே வடக்குக் கோடி வரை போய்ப் பார்க்கும் ஆசையை இரண்டு நாள் பயணத்தில் விட்டுவிடுவதே நல்லது. தெற்குப் பகுதியில் ஓர் ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்குப் பொருத்தமானது சாபி ஆறு.

க்ரூகரின் சுற்றுலா வரலாறே இந்த ஆற்றங்கரையில் ஒரு குறுகிய நிறுத்தத்தில் தொடங்கியதுதான். 1898இல் சாபி வனவிலங்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1902இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் அதன் காப்பாளராக வந்தார். நிலத்துக்காகவும் சுரங்கத்துக்காகவும் காப்பகத்தைக் கலைக்கச் சொன்னவர்களோடு அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1923இல் தென் ஆப்பிரிக்க ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை விட்டது. அந்த ரயில் காப்பகத்துக்குள் ஓர் இரவு நின்றது. பயணிகளை மற்ற எல்லாவற்றையும்விடக் கவர்ந்தது அந்த ஓரிரவுதான். மக்கள் காசு கொடுத்து விலங்கு பார்க்க வருவார்கள் என்பதற்கு அதுவே சான்றானது. 1926இல் அதை க்ரூகர் தேசியப் பூங்காவாக்கும் சட்டம் நிறைவேறியது. 1927இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்த ஆண்டு முழுவதும் வந்த கார்கள் மூன்றே மூன்று.

இனி திட்டத்துக்கு வருவோம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-4 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் தென்கிழக்கு மூலையில் இருக்கும் க்ரொகடைல் பிரிட்ஜ் நுழைவாயில் வரும். இடையில் டீ, பெட்ரோல் நிறுத்தங்களைச் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து லோயர் சாபி முகாம் 34 கிலோமீட்டர். அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை. இந்தச் சாலையே முதல் சஃபாரி. முகாமின் வரவேற்பறையில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். எந்த விலங்கு எங்கே தென்பட்டது என்று பார்வையாளர்கள் வண்ண வில்லைகளை ஒட்டி வைத்திருப்பார்கள். மறுநாள் பாதையை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

சனிக்கிழமை முழுவதும் ஆற்றுக்கே. லோயர் சாபியிலிருந்து ஸ்குகூசா முகாம் வரை ஆற்றையொட்டிப் போகும் எச் 4-1 சாலை 46 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு காலைப் பொழுதையே ஒதுக்க வேண்டும். கதவு திறந்ததும் கிளம்பி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்லப் போனால் காது முதலில் வேலை செய்யும். இம்பாலா மான்கள் மூக்கால் சீறி, தலையைத் தூக்கி எல்லாம் ஒரே திசையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அந்தத் திசையில் சிறுத்தை இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய அத்தி மரங்களின் கிளைகளையும் விடாமல் பார்க்க வேண்டும். கிளையிலிருந்து தொங்கும் வால்தான் பல சமயம் சிறுத்தையைக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்குகூசா அருகே லேக் பேனிக் என்ற நீர்நிலையில் மரத்தாலான மறைவிடம் ஒன்று உண்டு. காரை விட்டு இறங்க அனுமதி உள்ள சில இடங்களில் இதுவும் ஒன்று. அங்கே உட்கார்ந்தால் மீன்கொத்தி கைக்கெட்டும் தூரத்தில் பாயும்.

மாலையில் லோயர் சாபிக்குத் திரும்பி, முகாம் கதவிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் இருக்கும் சன்செட் டேம் கரையில் காரை நிறுத்த வேண்டும். நீர்யானையின் முதுகில் பறவை நிற்கும். கரையில் முதலை வாயைப் பிளந்தபடி கிடக்கும். அதற்குச் சில அடி தள்ளி நாரை அலகை நீருக்குள் விட்டுத் துழாவும். முகாம் பக்கத்திலேயே இருப்பதால் கதவு மூடும் நேரம் நெருங்கும் வரை இருக்கலாம்.

நீர்நிலை ஓரத்தில் காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2004 செப்டம்பரில் டேவிட் பட்ஸின்ஸ்கி என்ற சுற்றுலாப் பயணி, இதே பூங்காவின் டிரான்ஸ்போர்ட் டேம் கரையில் கேமராவோடு இருந்தார். சிங்கங்கள் ஓர் எருமைக் கன்றைப் பிடித்தன, கன்று தண்ணீரில் விழுந்தது, முதலை ஒன்று மறுபுறம் பிடித்து இழுத்தது, சிங்கங்கள் விடவில்லை. ஓடிப்போன எருமைக் கூட்டம் திரண்டு வந்து, ஒரு சிங்கத்தைக் கொம்பால் தூக்கி எறிந்து கன்றை மீட்டது. எட்டே நிமிடக் காட்சி. 2007இல் யூடியூபில் ஏறி, கோடிக்கணக்கானோர் பார்த்த வீடியோவானது. அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்தில் வண்டியைக் கிளப்பியிருந்தால் அது பதிவாகியே இருக்காது.

ஞாயிறு காலை ஒரு சிறு சுற்று. அறையை 10 மணிக்குக் காலி செய்துவிட்டு, வந்த வழியே நிதானமாக வெளியேறலாம்.

எந்த மாதம் போகலாம்? மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஆற்றுக்கு வரும். விடியற்காலை நல்ல குளிர் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். கோடை மழைக்காலத்தில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், வலசைப் பறவைகள் வரும். ஆனால் விலங்குகள் புதருக்குள் மறைந்துவிடும். வெள்ளம் வந்தால் தாழ்வான பாலங்கள் மூடப்படும். அப்போது மலேரியா அபாயமும் கூடுதல். எந்த மாதமானாலும் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசா தேவை. அங்கும் இடதுபக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பது நமக்கு வசதி. உள்ளே இருக்கும்வரை ஓட்டுநர் முதல் குழந்தை வரை யாரும் அனுமதியில்லாத இடத்தில் காரை விட்டு இறங்கக் கூடாது, குரங்குக்கு ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்கக் கூடாது. மனிதனிடம் தின்று பழகி மூர்க்கமாகும் குரங்கைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது.

தென் ஆப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் நிர்வாகம் முகாம் அறைகளுக்கான பதிவை 11 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. ஆற்றைப் பார்த்த லோயர் சாபி அறைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஆகவே தேதி முடிவானதும் முதலில் அறையைப் பதிவு செய்யுங்கள். விமானச் சீட்டு அதற்குப் பிறகு.

(பயணம் தொடரும்)