சிலிண்டரா, குழாயா? தில்லி இல்லங்களின் முன் ஒரு கேள்வி

புது தில்லி: அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தரைத்தளம் முதல் மேல்மாடி வரை ஏறிச் செல்லும் இரும்புக் குழாய். ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து பிரிந்து சமையலறைக்குள் நுழையும் ஒரு கிளை. நடுவில் சிறியதொரு மீட்டர். தலைநகரின் பல குடியிருப்புப் பகுதிகளில் இன்று காணக்கூடிய காட்சி இது. தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. பக்கத்து வீட்டினரும் இணைப்புப் பெற்றுவிட்டனர். நாமும் பெறுவதா, பழகிய சிலிண்டருடனேயே இருந்துவிடுவதா என்ற கேள்வி எஞ்சிய வீடுகளில் எழுகிறது.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் ஒப்பிடுகின்றனர். ஆனால் விலை வேறுபாடு தீர்மானத்தைச் சாய்க்கும் அளவுக்குப் பெரிதன்று. குழாய் இணைப்பு வீட்டுக்கு உரியது. சிலிண்டர் இணைப்போ அதைப் பெற்றவருக்கு உரியது. இந்த ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொண்டால், யாருக்கு எது ஏற்றது என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

பேருந்துக்கு வந்த வாயு: தில்லிக்கு இயற்கை எரிவாயு வந்த கதை அடுப்பங்கரையில் தொடங்கவில்லை; சாலையில் தொடங்கியது. தலைநகரின் காற்று மாசு தொடர்பாக வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் உத்தரவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. கெயில், பாரத் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களுடன் தில்லி அரசும் அதில் பங்கு கொண்டது. பேருந்துகளுக்காக நகரெங்கும் விரிந்த குழாய் வலையிலிருந்தே வீடுகளுக்கும் கிளைகள் பிரிந்தன. குஜராத்தின் வதோதராவில் 1970-களிலேயே வீடுகளுக்குக் குழாய் வழி எரிவாயு வந்துவிட்டது. மும்பையில் இப்பணிக்கான நிறுவனம் 1995-இல் உருவானது.

எனினும், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் குழாய் எரிவாயு இன்னும் சிறுபான்மையினருக்கே கிட்டியுள்ளது. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி, சிலிண்டர் இணைப்புகள் சுமார் 33 கோடி. குழாய் இணைப்புகள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி.

இரண்டும் ஒன்றல்ல: இரண்டையும் "கேஸ்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அவை வெவ்வேறு பொருள்கள். சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்படுவது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். இது வாயு வடிவிலேயே, வீட்டை அடையும்போது மிகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது.

பாதுகாப்பைப் பொருத்தவரை முக்கியமான வேறுபாடு எடையில் உள்ளது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து, மூலை முடுக்குகளில் தேங்கி நிற்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலெழுந்து, சாளரமோ காற்றுப்போக்கியோ இருந்தால் வெளியேறிவிடும். மேலும், முப்பது கிலோ எடையுள்ள நிரம்பிய உருளை ஒன்று வீட்டுக்குள் இருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

ஆனால், "இலேசான வாயு; ஆகவே ஆபத்து இல்லை' என்று கருதுவது பிழை. காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதுமானது. எல்லாப் பக்கமும் அடைத்த சமையலறையில் மேலெழும் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. தில்லியில் பால்கனியைக் கண்ணாடியிட்டு மூடி அறையாக்கிக் கொள்வது வழக்கமாகிவிட்டது. வெளிச்சுவரில் செல்ல வேண்டிய குழாயும் மீட்டரும் இத்தகைய மூடிய இடத்துக்குள் அகப்பட்டுக் கொண்டால், குழாய் எரிவாயுவின் இயல்பான நன்மை பறிபோகும். இணைப்புக்கு விண்ணப்பிக்கும் முன் சமையலறையின் மேற்புறத்தில் காற்று வெளியேற வழி உள்ளதா எனப் பார்ப்பது அவசியம்.

விலைக் கணக்கு: ஒரு வீட்டு சிலிண்டரில் உள்ள எரிவாயு 14.2 கிலோ. அது தரும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 16 முதல் 18 கன மீட்டர் இயற்கை எரிவாயு தேவை. இந்தக் கணக்கைக் கொண்டு எந்த நாளின் விலையையும் ஒப்பிடலாம்.

2022 அக்டோபரில் தில்லியில் சிலிண்டர் விலை 1,053 ரூபாய். குழாய் எரிவாயு ஒரு கன மீட்டர் 53 ரூபாய் 59 காசு. அதாவது ஒரு சிலிண்டருக்கு ஈடான குழாய் எரிவாயுவுக்கு 860 முதல் 965 ரூபாய் வரை செலவாயிற்று. குழாய்க்கே சாதகம். 2024 மார்ச்சில் சிலிண்டர் விலை 803 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அப்போது குழாய் எரிவாயு 48 ரூபாய் 59 காசு. ஈடான செலவு 780 முதல் 875 ரூபாய். சாதகம் மறைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் சிலிண்டர் விலை 853 ரூபாயாக உயர்ந்தபோது தராசு மீண்டும் சமநிலைக்கு வந்தது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருமெனில், இந்த வேறுபாடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மாதம் ஐம்பது, நூறு ரூபாயைத் தாண்டுவது அரிது.

குழாய் எரிவாயு என்றால் நிலையான விலை என்றும் எண்ணிவிட இயலாது. தில்லியில் 2022 மார்ச் இறுதியில் 36 ரூபாய் 61 காசாக இருந்த விலைதான் ஏழே மாதங்களில் 53 ரூபாய் 59 காசை எட்டியது. உக்ரைன் போரை அடுத்து உலகச் சந்தையில் எரிவாயு விலை உயர்ந்ததன் விளைவு அது. 2023 ஏப்ரலில் உள்நாட்டு எரிவாயு விலையைக் கச்சா எண்ணெய் விலையின் 10 சதவீதமாக நிர்ணயித்து, அதற்கு உச்சவரம்பும் விதிக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அதன் பின்னரே வீட்டு உபயோக விலை ஐந்து ரூபாய் குறைந்தது.

ஏழை இல்லங்களின் நிலை: மேற்கண்ட கணக்கு உஜ்வலா திட்டப் பயனாளிகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டர் ஒன்றுக்கு 300 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச் விலையில் அவர்கள் உண்மையில் செலவிட்டது 503 ரூபாய் மட்டுமே. குழாய் எரிவாயுவுக்கு அத்தகைய மானியம் இல்லை. எனவே, வசதி படைத்த வீட்டுக்கு முன்னேற்றமாகத் தோன்றும் குழாய், ஏழை வீட்டுக்குக் கூடுதல் செலவாக முடியக்கூடும். தெருவில் குழாய் பதிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக மானிய இணைப்பை அவசரப்பட்டு ஒப்படைப்பது நலம் பயக்காது. மானியம் இழக்கப்படுமா, இழந்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சொந்த வீடும் வாடகை வீடும்: குழாய் இணைப்புக்கு வாடிக்கையாளர் சில ஆயிரம் ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும். இதற்கு வட்டி கிடையாது; இணைப்பைத் துண்டிக்கும்போது திரும்பக் கிடைக்கும். குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் குழாய் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சுவரில் துளையிட வேண்டும். சமையலறை மேடையில் சில மாற்றங்கள் தேவைப்படலாம். வீட்டு உரிமைக்கான ஆவணம் அல்லது உரிமையாளரின் ஒப்புதலும் கேட்கப்படும்.

சொந்த வீட்டில் வாழ்பவருக்கு இவை பெரிய சுமைகள் அல்ல. குறிப்பாக, மின்தூக்கி இல்லாத பழைய தில்லி வளர்ச்சி ஆணையக் குடியிருப்புகளில் மூன்றாம் மாடியில் தனித்து வாழும் முதியோரை எண்ணிப் பார்க்கலாம். சிலிண்டருக்குப் பதிவு செய்வது, வருபவருக்காக வீட்டில் காத்திருப்பது, கனமான உருளையை நகர்த்துவது, இரவு நேரத்தில் வாயு தீர்ந்து போவது என எல்லாத் தொல்லைகளும் ஒரே நாளில் நீங்குகின்றன. பயன்படுத்திய பிறகே பணம் செலுத்தினால் போதும். இத்தகைய குடும்பங்கள் தயங்க வேண்டிய காரணம் ஏதுமில்லை.

வாடகைக்குக் குடியிருப்பவரின் நிலை வேறு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்பவர், அடுத்த வீட்டில் குழாய் இருக்குமா என்று அறிய மாட்டார். உரிமையாளர் இசைவளித்தாலும், வைப்புத்தொகையை யார் செலுத்துவது, காலி செய்யும்போது மீட்டர் யார் பெயரில் தொடர்வது என்ற சிக்கல்கள் எழும். பணிமாற்றம் காரணமாக மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே நிலைதான். சிலிண்டர் இணைப்பையோ உரிய சீட்டைப் பெற்று எந்த ஊருக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, ஏற்கெனவே குழாய் இணைப்புள்ள வீட்டுக்குக் குடிபோகும் வாடகைதாரர் அதைப் பயன்படுத்திக் கொள்வது அறிவுடைமை; இல்லாத வீட்டில் தம் செலவில் புதிதாகப் பெறுவது அவசியமன்று.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?: குழாயில் வாயு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், சிலிண்டரையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். குழாய் இணைப்புள்ள வீட்டில் சிலிண்டர் இணைப்பும் தொடரக் கூடாது என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. இதில் சட்டத்தோடு தொழில்நுட்பமும் குறுக்கிடுகிறது. ஒரே கன அளவில் மீத்தேன் தரும் வெப்பம், சிலிண்டர் வாயு தருவதில் பாதிக்கும் குறைவு. ஆதலால் குழாய் எரிவாயுவுக்கு மாற்றும்போது அடுப்பின் ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டியுள்ளது. அவ்வாறு மாற்றிய அடுப்பில் மீண்டும் சிலிண்டரைப் பொருத்தினால் சுடர் கட்டுக்கடங்காமல் எழும். இது மிகவும் ஆபத்தானது. மாற்று ஏற்பாடு தேவை எனில் மின்தூண்டல் அடுப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்திலிருந்து இரண்டில் எதுவும் முழு விடுதலை தருவதில்லை. 2024-25 நிலவரப்படி, நாட்டின் சிலிண்டர் எரிவாயுத் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கும், இயற்கை எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ பாதியும் இறக்குமதியே. உள்நாட்டில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை ஒதுக்குவதில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் அரசு முன்னுரிமை அளித்து வந்துள்ளது என்பது குழாய் இணைப்புக்கு ஓரளவு சாதகமான அம்சம்.

கையெழுத்திடும் முன்: விண்ணப்பிக்கும் முன் சில விவரங்களைக் கேட்டறிவது நல்லது. வைப்புத்தொகை எவ்வளவு, அதில் திரும்பக் கிடைப்பது எவ்வளவு? குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? எத்தனை மீட்டர் குழாய் கட்டணமின்றிப் பதிக்கப்படும்? அடுப்பை மாற்றித் தருவது யார்? பதிவு செய்த பிறகு எத்தனை நாளில் வாயு வரும்? குழாயில் வாயு உண்மையிலேயே வந்து, அடுப்பு எரிந்த பிறகே சிலிண்டரை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது பழைய வைப்புத்தொகையையும் அதற்கான சீட்டையும் கேட்டுப் பெற மறக்கக் கூடாது. பிற்காலத்தில் வேறு ஊருக்குச் செல்ல நேர்ந்தால் அந்தச் சீட்டு உதவும்.

இணைப்புப் பெற்ற பின்னர் கடைப்பிடிக்க வேண்டியவையும் உண்டு. இரவு உறங்கும் முன்னும் ஊருக்குச் செல்லும் முன்னும் சமையலறை வால்வை மூட வேண்டும். அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். மணமற்ற மீத்தேனில், கசிவை உணர்த்துவதற்காகவே துர்நாற்றமுள்ள வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அந்த நாற்றத்தை உணர்ந்தால் மின்விளக்கு, விசிறி ஆகியவற்றின் சுவிட்சைத் தொடாமல், வால்வை மூடி, சாளரங்களைத் திறந்து, வெளியே வந்து அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தமிழகத்துக்கும் வருகிறது: தில்லியும் மும்பையும் எதிர்கொண்ட இக்கேள்வி தமிழ்நாட்டு வீடுகளின் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. 2018-இல் நடைபெற்ற ஏலத்தைத் தொடர்ந்து சென்னை, கோவை, சேலம் உள்ளிட்ட பகுதிகளில் குழாய் எரிவாயு வழங்க நிறுவனங்கள் தேர்வு செய்யப்பட்டன. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் செயல்படத் தொடங்கியது. குழாய் பதிக்கும் பணியாளர்கள் தெருவில் வந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதைவிட, இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறோம் என்று குடும்பத்தினர் கூடிப் பேசுவது பயனுள்ளதாக இருக்கும்.