ஆறு மாதக் குழந்தைக்கு அடுக்களையில் என்ன உண்டு?

கட்டுக்கரைக்குளத்து நீர் பாய்ந்து விளையும் நெல்வயல்களின் நடுவே அமைந்தது அடம்பன். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், திருக்கேதீஸ்வரத்துக்கு அண்மையில் உள்ள இவ்வூரில், காலபோகம் பிழைக்காத ஆண்டில் நெல்லுக்குக் குறைவிராது. விடத்தல்தீவுக் கரை வெகு தொலைவில் இல்லை, மீனும் கிடைக்கும். வேலியில் முருங்கை, கிணற்றடியில் பப்பாசியும் வாழையும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முதலுணவு தேடும் தாய் இவற்றை விட்டு வேறெங்கும் போகவேண்டுவதில்லை. ஆயினும் பல வீடுகளில் அக்குழந்தைக்கு முதலில் கிடைப்பவை எவை? சீனி கலந்த வடிகஞ்சி. தேத்தண்ணீரில் தோய்த்த விசுக்கோத்து. கையில் சற்றுக் காசு உள்ள வீடாயின் தகரத்தில் அடைத்து வரும் மா. இது அடம்பனுக்கு மட்டும் உரிய குறையன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், கடல் கடந்து தஞ்சாவூரிலும் இதே வழக்கத்தைக் காணலாம்.

இப்பருவத்தைப் ‘பால்மறக்கச் செய்யும் காலம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அச்சொல்லே தாய்மாரைத் தவறான வழியில் செலுத்துகிறது என்பது நம் கருத்து. பாலை மறக்கச் செய்யவேண்டிய காலம் இதுவன்று. பிறந்த நாள்முதல் ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலும் உணவும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உணவு பாலுக்குத் துணையாக வருவது; அதன் இடத்தைப் பறிக்க வருவதன்று.

முன்னோர் வகுத்த சோறூட்டும் சடங்கும் இதற்கு மாறானதன்று. ஆண் குழந்தைக்கு ஆறாம் எட்டாம் மாதங்களும், பெண் குழந்தைக்கு ஐந்தாம் ஏழாம் மாதங்களும் உரியவை என்பது வழக்கு. பெண்பிள்ளைக்கு ஐந்தைத் தவிர்த்து ஏழைக் கொள்வோமாயின், ஏழாம் மாதம் பிறக்கும் நாள் ஆறு மாதம் நிறைந்த நாளே அன்றோ! ஆண்பிள்ளைக்கு ஆறாம் மாதத்தின் கடைசி நாட்களில் நாள் பார்த்தாற் போதும். சோதிடரும் மருத்துவரும் ஒத்துப்போகும் இடங்கள் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

கஞ்சியின் கணக்கு

கஞ்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஏனெனில் பெரும்பிழை அங்கேதான் நேர்கிறது. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் விட்டுக் காய்ச்சிய கஞ்சியில், 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 35 கலோரியே உண்டு. வடித்தெடுத்த நீரில் அதனினும் குறைவு. தாய்ப்பாலிலோ அதே அளவுக்கு 65 முதல் 70 கலோரி வரை உண்டு. ஆகவே நீர்க்கஞ்சி பருக்கும் ஒவ்வொரு வேளையும், சத்துள்ள பாலை விலக்கிவிட்டு, அதன் பாதிச் சத்துள்ள ஒன்றால் குழந்தையின் வயிற்றை நிரப்புகிறோம்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி உணவிலிருந்து வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை அது 300 ஆகும். ஓராண்டு கடந்தபின் 550 ஆகும். குழந்தையின் இரைப்பையோ நிறையில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். 8 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிலீற்றர். நீர்க்கஞ்சியால் 200 கலோரியைக் கொடுக்கவேண்டுமாயின், நாளொன்றுக்கு 600 மில்லிலீற்றருக்கு அண்மையாகப் புகட்டவேண்டும். பிறகு பாலுக்கு இடம் ஏது? சோற்றையும் பருப்பையும் தேங்காய்ப்பாலோடு இறுகப் பிசைந்தால், 100 மில்லிலீற்றர் அளவிலேயே 100 கலோரி கிடைக்கும். அதனோடு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ சேர்ப்பின் இன்னும் 40 கலோரி கூடும்.

இதைச் சோதிக்க நிறுவையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். பிசைந்த உணவைக் கரண்டியில் எடுத்துச் சற்றுச் சரித்துப் பாருங்கள். வழிந்து ஓடுமாயின் அது குழந்தைக்கு உதவாது. கரண்டியில் நின்றால் உதவும்.

நீர்த்த மாக்கஞ்சியை நம்பி வளர்ந்த குழந்தைகளின் துயரத்தை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். ஜமேக்காவில் பிறந்தவர், இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியவர். கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் வெளிறிய குழந்தைகளைப் பற்றி அவர் 1933 இல் எழுதினார். தாய்ப்பால் நின்றபின் சோளமாக்கஞ்சியையே உண்டு வந்த குழந்தைகள் அவர்கள். அந்நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் தம் மொழியில் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்னும் பெயரையே அவர் 1935 இல் மருத்துவ உலகுக்கு அளித்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளையைப் பற்றிக்கொள்ளும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. கல்லூரி காணாத தாய்மார் காரணத்தைப் பெயரிலேயே பொதிந்து வைத்திருந்தனர்.

கஞ்சியைக் குறைத்துப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் செல்லல் தகாது. 2008 இல் போர் அடம்பனை அடைந்தபோது ஊரார் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே பெரியவரையும் பிள்ளைகளையும் உயிரோடு வைத்திருந்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அதன் நினைவாகக் கஞ்சி வழங்கப்படுகிறது. அந்நாளில் தாய்மாரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இன்று வயலும் குளமும் கடலும் மீண்டும் வாய்த்திருக்கையில், குழந்தையின் கிண்ணத்தில் கஞ்சியோடு நின்றுவிடவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

ஒரே அடுப்பு, ஒரே பானை

குழந்தைக்கென்று தனிச் சமையல் செய்யத் தொடங்கும் தாய் இரண்டு கிழமையில் களைத்துப்போவாள். வீட்டுச் சமையலிலிருந்தே குழந்தையின் பங்கை எடுப்பதுதான் நெடுநாள் நிலைக்கும் வழி. மிளகாய்த்தூளும் உப்பும் இடுவதற்குமுன், வெந்த பருப்பில் இரண்டு கரண்டி, வெந்த மீனில் ஒரு துண்டு, பூசணியிலோ கீரையிலோ சிறிது எனப் புறம்பே எடுத்து வைத்துவிடவேண்டும். ஓராண்டு நிறையும்வரை குழந்தையின் உணவில் உப்பும் சீனியும் சேர்க்கவேண்டிய தேவையே இல்லை. சுவையில்லையே என்று அம்மம்மா முகம் சுளிப்பார். சுவை குறைவென்பது அவருடைய நாவுக்கு, குழந்தையின் நாவுக்கன்று.

தொடக்கத்தில் சோறு மட்டும் நன்றாகக் குழைத்து, தாய்ப்பால் சிறிது விட்டுப் பிசைந்து, இரண்டு மூன்று தேக்கரண்டி தீத்தலாம். இரண்டொரு நாளில் பருப்பைச் சேர்க்கலாம். பின்பு இம்முறையைக் கைக்கொள்க: சிவப்பரிசி இரண்டு பங்கு, தோல் நீக்கிய பயறோ மைசூர்ப் பருப்போ ஒரு பங்கு, இரண்டையும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, இறக்குமுன் நரம்பு நீக்கிய முருங்கையிலை ஒரு பிடி போட்டு, முதற்பால் சிறிது விட்டு, அகப்பையால் மசித்து எடுக்கவேண்டும். அரைக்கும் இயந்திரத்தில் இட்டு மையாக்கவேண்டாம். சிறு கட்டிகளை நாவால் புரட்டிப் பழகிய குழந்தையே பின்னர் மென்று உண்ணக் கற்கும். அரிசியின் புரதத்தில் குறைவதைப் பருப்பு நிரப்புகிறது; பருப்பில் குறைவதை அரிசி நிரப்புகிறது. சோறும் பருப்பும் நம்மவர் இலையில் ஒன்றாக வந்து சேர்ந்தது வீணன்று.

ஆயினும் இக்கலவையிலும் ஒரு குறை உண்டு, அதுவே இரும்புச்சத்து. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. ஆறு மாதமளவில் அச்சேமிப்புத் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆகவேதான் மீனும் முட்டையும் ஈரலும் தொடக்க மாதங்களிலேயே குழந்தைக்கு வேண்டும். ‘ஒரு வயது ஆகட்டும், பின்பு மீன் கொடுக்கலாம்’ என்னும் பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். பாரை, விளைமீன் போன்ற பெரிய மீன்களின் சதையில் முள்ளைக் கண்டெடுப்பது எளிது. அவித்த துண்டைத் தட்டில் உதிர்த்து, இரு விரலால் நசுக்கித் தடவிப் பார்த்தபின்னரே சோற்றோடு சேர்க்கவேண்டும். கண்ணை நம்புவதினும் விரலை நம்புக. சூடையும் நெத்தலியும் நல்ல மீன்களே எனினும் முள்ளின் தொல்லை மிகுதி. கருவாட்டில் உப்பு மிகுதி. அது குழந்தைக்கு ஆகாது. கோழியீரலை அவித்து மசித்துக் கிழமைக்கு ஒருமுறை சிறிதளவு கொடுக்கலாம்.

மரக்கறி உணவு உண்ணும் வீடுகளில் பயறும் கடலையும் கீரையும் இவ்வேலையைச் செய்யவேண்டும். ஆயின் அவற்றிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. தேசிக்காய்ச் சாறு சில துளி விடுவதும், உணவின்பின் பப்பாசிப் பழம் கொடுப்பதும் அது சேர உதவும். தேத்தண்ணீரோ அதைத் தடுக்கும். குழந்தைக்குத் தேத்தண்ணீர் கூடாது என்பதற்கு இக்காரணம் ஒன்றே போதும்.

கையில் எடுத்து உண்ணட்டும்

முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் சொரிந்து மகிழும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போல் வரிசையாகப் பதித்திருப்பர். அழகிய வழக்கம், அதைக் கைவிடவேண்டாம். அச்சொட்டு மட்டும் குழந்தையின் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்க. கையில் உணவு கொடுப்பதற்குப் பல் முளைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஈறே மெல்லிய உணவை நசுக்கவல்லது.

ஏழு எட்டு மாதக் குழந்தை பொருளை உள்ளங்கையால் முழுதாகப் பற்றும். ஆகவே துண்டு நம் விரல் நீளம் இருக்கவேண்டும்; கைக்கு வெளியே நீண்டு நிற்கும் பாகத்தைத்தான் அது கடிக்கும். அவித்த வற்றாளங்கிழங்கு, அவித்த பூசணி, கனிந்த பப்பாசி, நீளவாக்கில் பிளந்த வாழைப்பழம், நீளமாக அரிந்த முட்டை ஆகியவை இப்பருவத்துக்கு ஏற்றவை. இரு விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கவேண்டும், அதுவே அளவுகோல். ஒன்பது மாதமளவில் குழந்தை பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கி எடுக்கத் தொடங்கும். அப்போது இடியப்பத்தைச் சொதியில் நனைத்துச் சிறு துண்டுகளாக்கித் தட்டில் இடலாம். பச்சைமிளகாய் சேர்க்குமுன் எடுத்த சொதியாக இருக்கவேண்டும் என்பதை நினைவூட்டவேண்டியதில்லை. மெல்லிய தோசைத் துண்டு, உதிர்த்த மீன், நன்றாக வெந்த கடலையை ஒவ்வொன்றாக நசுக்கியது இவையும் ஏற்றவை.

நிலத்திலும் தலையிலும் பாதி உணவு போகும். போகட்டும்.

அஞ்சவேண்டியவை வேறு. முழுக் கச்சான், முழுக் கஜு, முழு முந்திரிகைப்பழம், பச்சைக் கரட், புழுக்கொடியல், கடினமான இனிப்பு ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. கச்சானை அரைத்துச் சோற்றில் கலந்து கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த கச்சானை எவரும் உண்ணலாகாது. குழந்தை நிமிர்ந்து இருந்தபடியே உண்ணவேண்டும். பெரியவர் ஒருவர் அருகே இருக்கவேண்டும். புதிய கட்டி உணவு வாய்க்குள் போகையில் குழந்தை குமட்டி இருமுவது இயல்பு. ஒலியின்றித் திணறி முகம் நீலம் பாய்வதே ஆபத்து. ஓராண்டு நிறையுமுன் தேன் ஒரு துளியும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கவல்லவை. கழுதைப்பால் நோய்களைத் தடுக்கும் என்று தமிழ்நாட்டில் தெருத்தெருவாக விற்போர் உளர். கழுதைகளுக்குப் பேர்போன மன்னாரில் இந்நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டியுள்ளது: காய்ச்சாத பால் எந்த விலங்கினுடையதாயினும் குழந்தைக்குக் கேடே.

நிறை குன்றிய குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் கிளினிக்கில் வழங்கப்படும் திரிபோஷ 1973 முதல் நாட்டில் உள்ளது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த நல்ல மா அது. கிடைத்தால் குழந்தைக்கே கொடுக்கவேண்டும். வீட்டார் எல்லோரும் உருண்டை பிடித்து உண்டு தீர்ப்பது முறையன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அதன் விநியோகம் தடைப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்த தாய்மார் திகைத்துப்போயினர். குரக்கனை முளைகட்டி உலர்த்தி வறுத்து இடித்த மா வீட்டிலிருந்தால் இத்தகைய நாட்களில் கைகொடுக்கும். முளைகட்டிய மாவில் களி இறுகிப்போகாது. ஆதலின் நீரைக் குறைத்து மாவைக் கூட்டிக் காய்ச்சலாம்.

அளவைப் பற்றித் தாய்மார் பெரிதும் கலங்குகின்றனர். எட்டு மாதமளவில் வேளைக்கு அரைக் கோப்பை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குமேல் மூன்று நான்கு வேளை. ஓராண்டில் முக்கால் கோப்பை முதல் ஒரு கோப்பை வரை என்பது பொதுவான வழிகாட்டி. குழந்தை வாயைத் திருப்பிக்கொண்டால் அவ்வேளைக்கு அவ்வளவே. இன்று துப்பிய கீரையைப் பத்தாம் முறை விரும்பி உண்ணும் குழந்தைகள் உண்டு. காய்ச்சலிலிருந்து தேறிய கிழமையில் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கவேண்டும். கிண்ணத்தில் எஞ்சியதை மாலைக்கென்று மூடிவைக்கவேண்டாம். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்திலேயே அது பழுதாகத் தொடங்கும். எஞ்சியதை மூத்த பிள்ளை உண்ணட்டும். மாலையில் பானையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் புதிதாகப் பிசைந்துகொள்ளலாம்.