வீரிய ஒட்டு மக்காச்சோளமும் உழவர்களின் தயக்கமும்

புதிய வேளாண் தொழில்நுட்பத்தை உழவர்கள் எப்போது, ஏன் ஏற்கிறார்கள் என்னும் ஆராய்ச்சிக்கு, அமெரிக்காவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய வரலாறே அடித்தளம். நல்ல விதை சந்தைக்கு வந்த பிறகும் ஓர் உழவர் அதை வாங்கவில்லை என்றால், அதற்குக் காரணம் அறியாமையா, அல்லது அவர் போட்டுப் பார்த்த கணக்கா? இதுவே ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி.

முதலில் விதையின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். தூய வரிசைச் செடிகளைக் கலந்து உண்டாக்கும் ஒட்டு விதை, முதல் தலைமுறையில்தான் முழு வீரியம் காட்டும். அதன் கதிரிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் விளைச்சல் குறைந்துவிடும். ஆகவே, வீட்டிலேயே விதை சேமித்து வந்த உழவர் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. தயங்கியவர்களைக் குறை கூறுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அயோவா ஆய்வு (1943)

சமூகவியலாளர்களான பிரைஸ் ரயன், நீல் கிராஸ் இருவரும் அயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 உழவர்களைப் பற்றி ஆராய்ந்தனர். 1941-க்குள் இருவர் நீங்கலாக அனைவரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலும் கொண்டுவந்தவர் விற்பனையாளர். ஆனால், வாங்கலாம் என்ற துணிவைத் தந்தவர் பக்கத்து வயல்காரர். அப்போதும் முதலில் சிறு பகுதியில் விதைத்துப் பார்த்துவிட்டே பலர் பரப்பைக் கூட்டினர்.

கிரிலிக்கஸின் விளக்கம் (1957)

சுவி கிரிலிக்கஸ் லித்துவேனியாவில் பிறந்தவர். நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். 'எக்கோனோமெட்ரிகா' இதழில் வெளிவந்த அவரது கட்டுரை, அயோவாவில் வேகமாகப் பரவிய விதை அலபாமா போன்ற தென்மாநிலங்களுக்கு ஏன் தாமதமாகச் சென்றது என்று ஆராய்ந்தது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒட்டு விதை எங்கும் 15 விழுக்காடு கூடுதலாக விளையும் என்று கொள்வோம். ஏக்கருக்கு 60 புஷல் விளையும் நிலத்தில் அது 9 புஷல். 20 புஷல் விளையும் நிலத்தில் 3 புஷல்தான். (ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ.) விதைக்கான செலவு இருவருக்கும் ஒன்று எனில், முதலாமவர் விரைவாக மாறுவதும் இரண்டாமவர் யோசிப்பதும் இயல்பே அல்லவா?

விதை நிறுவனங்களும் இதே கணக்கைத்தான் போட்டன. ஒவ்வொரு பகுதியின் தட்பவெப்பத்துக்கும் தனி ஒட்டு ரகம் உருவாக்க வேண்டும் என்பதால், அவை பெரிய சந்தை இருந்த இடங்களுக்கே முதலில் சென்றன. தென்மாநில உழவரிடம் பொருத்தமான விதை வந்து சேர்ந்ததே பிந்தித்தான்.

சமூகவியலாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. இலாபம் இருந்தால் மட்டும் போதுமா, பழக்கமும் அண்டை அயலார் உறவும் கணக்கில் வராதா என்று 1960-களின் தொடக்கத்தில் விவாதித்தனர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

கென்யாவில் தொடர்ச்சி

அதே இதழில் 2011-ல் தவ்நீத் சூரி கென்யாவின் ஒட்டு மக்காச்சோளம் பற்றி எழுதினார். அவர் கண்டது வியப்பானது. புதிய விதையால் மிக அதிகப் பயன் பெறக்கூடிய ஒரு சிறு பிரிவினர் அதை வாங்கவில்லை. போக்குவரத்து, கடை போன்ற வசதிகள் இல்லாததால், விதையும் உரமும் அவர்கள் கைக்கு வந்து சேரும் செலவு மிக அதிகமாக இருந்தது.