நிரையின் உயரம்

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூரை அடுத்து, அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்தது இருக்கன்குடி. மாரியம்மன் திருக்கோயிலால் பெயர் பெற்றது இவ்வூர். இதனைச் சூழ்ந்த கரிசல் வட்டாரம் மழை குறைந்தது. ஆகவே மக்கள் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களை நாடினர். சிவகாசியில் அச்சுத் தொழிலும் உடன் தழைத்தது.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், அட்டவணை அமைப்பதே அச்சுக்கோப்பாளரின் திறனுக்கு உரைகல். ‘சாத்தூர்’ என்னும் பெயர் ஒரு வரியில் அடங்கும். ‘அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில், இருக்கன்குடி’ என்பதோ குறுகிய கட்டத்தில் மூன்று வரியாக மடியும். அவர் அதனைக் கண்ணால் அளந்து, அந்த நிரைக்கு மட்டும் உயரம் கூட்டி, கோட்டைக் கீழே தள்ளி வைப்பார். அவ்வேலையை இன்று கைப்பேசிச் செயலி தானே செய்தல் வேண்டும்.

செய்யாவிடின் விளைவது யாது? எல்லா நிரைக்கும் ஒரே உயரம் என விதித்துவிட்டால், நீண்ட தொடரின் பிற்பகுதி மறைந்துபோகும். ஆங்கிலத்தில் விலக்கும் சொல் பெரும்பாலும் தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது. உடன்பாடா, எதிர்மறையா என்பதை உணர்த்துவதும் அதுவே. பட்டாசு ஆலையின் காப்பு விதிகளை ஒரு செயலி பட்டியலிடுவதாகக் கொள்வோம். ‘மருந்து அறையில் இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது’ என்பது ஒரு விதி. இரும்பு உராய்ந்தால் பொறி பறக்கும் அன்றோ! அது ‘மருந்து அறையில் இரும்புக் கருவிகளைப்’ என்பதோடு நின்றுவிட்டால் தொழிலாளி எதனை அறிவார்? ஈற்றிலுள்ள பகர ஒற்று, அடுத்த சொல் பகரத்தில் தொடங்கும் என்பதை மட்டுமே காட்டும். இலக்கணம் அதற்குமேல் அவரைக் காக்காது.

செயலி உயரத்தைக் காணும் முறை எளியது. கட்டத்தின் அகலமும் எழுத்தின் அளவும் அதற்குத் தெரியும். அவ்வகலத்தில் தொடர் எத்தனை வரியாக மடியும் என முதலில் கணக்கிடுகிறது. மூன்று வரி, வரிக்கு 24 புள்ளி எனில் 72. மேலே 8, கீழே 8 இடைவெளி சேர்த்தால் 88. ஐபோனில் நிரையின் வழக்கமான உயரம் நெடுங்காலம் 44 புள்ளியாகவே இருந்தது. 2014-இல் வெளிவந்த ஐஓஎஸ் 8 முதல், நிரை தன் உயரத்தைத் தானே அறியும் வசதி அதில் அமைந்தது. அதற்கு முன் அக்கணக்கைச் செயலியை ஆக்குவோரே எழுதி வந்தனர்.

வசதி இருந்தும் பலர் இடறுவதுண்டு. எழுத்துப் பகுதியின் தலையை நிரையின் மேல் விளிம்போடும், அடியைக் கீழ் விளிம்போடும் பிணைத்தல் வேண்டும். அடிப்பிணைப்பை மறந்தால், எழுத்து வளர்ந்தும் நிரை வளராது. வரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுதலும் ஆகாது.

ஆயிரம் நிரை இருப்பின் அனைத்தையும் முன்னரே அளப்பது வீண் உழைப்பு. ஆகலின் செயலி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தேச உயரத்தை வைத்துக்கொண்டு, திரைக்குள் வரும் நிரையை மட்டும் உண்மையாக அளக்கிறது.

பார்வை மங்கிய முதியவர் ஒருவர் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குகிறார். அகலமோ அதுவே. செயலி மீண்டும் அளக்கிறது, மூன்று வரி ஐந்தாகிறது, நிரை நீள்கிறது. ‘கூடாது’ என்னும் சொல் ஐந்தாம் வரியில் முழுமையாகத் தெரிகிறது.