அநாதி ஒன்றா, மூன்றா?

ஆவுடையார்கோவில் கருவறையில் ஆவுடையார் மட்டும்தான். மேலே லிங்கம் கிடையாது. மாணிக்கவாசகரை இறைவன் ஆட்கொண்ட திருப்பெருந்துறை இதுதான். அவருடைய திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டவர் கிறிஸ்தவ மிஷனரி ஜி.யு. போப், அப்போ அவருக்கு வயசு 80.

கடவுளுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, எல்லாவற்றையும் ஆள்பவர் அவரே. இதுவரை சைவரும் கிறிஸ்தவரும் ஒத்துப்போவார்கள். பிரிவது ஒரு எண்ணிக்கையில்.

சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றுமே அநாதி. உயிரையும் ஆணவ மலத்தையும் இறைவன் படைக்கவில்லை. கிறிஸ்தவத்திலோ அநாதி கடவுள் ஒருவரே. மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமையிலிருந்து அவர் படைத்தவை. காலமும் படைப்புதான் என்கிறார் புனித அகஸ்தீன். கூடவே இருந்த பொருள் எதுவும் இல்லாததால், அவருடைய ஆட்சிக்கு வெளியேயும் எதுவும் இல்லை. நித்தியத்திலிருந்தே இறையாண்மை வருது.

சிக்கலும் இங்கதான். தீமை எங்கிருந்து வந்தது? சித்தாந்தி ஆணவத்தைக் காட்டலாம். கிறிஸ்தவருக்கு அந்த வழி இல்லை. தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைவு; மனித சுதந்திரம் வழிதவறியதால் வந்தது என்றார் அகஸ்தீன். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது யார்னு அடுத்த கேள்வி வரும். பைபிளில் காரணமில்லாமல் துன்பப்பட்ட யோபுவும் நியாயம் கேட்கிறார். அவருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. உலகத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் யார் என்ற எதிர்க்கேள்விதான் பதிலாக வருது.