ஒரே நெகிழி, இரு குணம்

மாணவர்களே, வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் மின்கம்பி உறையும் பெரும்பாலும் பிவிசி எனும் ஒரே நெகிழிதான். முறுக்கு மாவைப் பிழிவதுபோல், உருக்கி அச்சின் வழியே தள்ளித்தான் இரண்டையும் செய்கிறார்கள். ஆனால் குழாய் விறைப்பாக நிற்கிறது, உறை வளைகிறது. ஏன்?

உறையில் மென்மையாக்கும் திரவம் கலந்திருக்கிறது. அது மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து, அவற்றை எளிதில் நகரவிடுகிறது. நிறமி, தீத்தடுப்பான் போன்றவற்றையும் தேவைக்கேற்பச் சேர்ப்பார்கள்.

பயனைத் தரும் இந்தக் கலவையே மறுசுழற்சியைக் கடினமாக்குகிறது. வகை பிரிக்காமல் உருக்கினால் தரமான பொருள் கிடைக்காது, மிஞ்சுவது குப்பை.

அத்தகைய வெளிநாட்டுக் கழிவு நம் பினாங்குத் துறைமுகத்திலும் வந்து குவிந்தது. 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியதாக 2020 ஜனவரியில் மலேசியா அறிவித்தது.

நாளைய பொறியாளர்களே, எதைக் கலக்கிறோம் என்பதோடு எப்படிப் பிரிப்போம் என்பதையும் யோசியுங்கள்.